கோடையில் கொட்டிய மண்

(கூரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கூரத்தில் அறக்கட்டளை வைத்து ஒருவரைப் பேசச் சொல்வது புது வழக்கம் இல்லை. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்ற சிவன் கோயிலுக்கு விட்ட நிலத்தைப் பங்கு பிரிக்கும்போது, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்றே ஒரு பங்கை அந்தச் செப்பேடு ஒதுக்கி வைக்கிறது. பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அந்த ஏரிக்கு வெட்டிய பெரும்பிடுகு கால்வாயையும் அதே செப்பேடு சொல்கிறது. கோயில், வாசிப்பு, ஏரி மூன்றும் ஒரே தானத்தில் அடங்கியிருந்தன. இன்று எனக்குக் கொடுத்த நேரத்தை நான் மூன்றாவதற்குச் செலவிடப் போகிறேன். ஏரி என்றால் தண்ணீர் என்றே பேசிப் பழகிவிட்டோம். தண்ணீரைத் தாங்கி நிற்கும் கரை மண்ணைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கு மேல் ஏரிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றின் கரை வெறும் மண். கல் அடுக்கு இருந்தாலும் அது அலை அடிக்கும் பக்கத்தில்தான் இருக்கும், உள்ளே மண். அந்த மண் ஆண்டில் பெரும்பகுதி முழுக்க நனைந்தும் இருப்பதில்லை, முழுக்கக் காய்ந்தும் இருப்பதில்லை. மண் துகள்களுக்கு இடையில் பாதி நீர், பாதி காற்று. பொறியியலில் இதை நீர் நிறைவுறா மண் என்கிறோம். நம் வீட்டு அடித்தளத்துக்குக் கீழே இருப்பதும், சாலைக்குக் கீழே இருப்பதும், நீலகிரிச் சரிவில் தேயிலைக்குக் கீழே இருப்பதும் இதுவே. ஆனால் மண் பொறியியல் பாடம் நெடுங்காலம் இந்த மண்ணைத் தொடாமலே நடந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. கார்ல் டெர்சாகி 1925-இல் தம் நூலை வெளியிட்டு இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டார். அவர் கண்டது எளிய உண்மை, ஆனால் பெரிய உண்மை. மண்ணின் மேல் ஏற்றும் சுமையில் ஒரு பகுதியைத் துளைநீர் தாங்குகிறது. மீதிதான் துகளுக்குத் துகள் கடத்தப்படுகிறது. அந்த மீதிக்குப் பயனுறு தகைவு என்று பெயர். மண்ணின் வலுவும் அமுங்கலும் அந்த ஒன்றைத்தான் பொறுத்தவை. துளைகள் முழுக்க நீர் நிறைந்த மண்ணுக்கு இந்த விதி இன்றும் அசையாமல் நிற்கிறது. காற்றும் கலந்துவிட்டால் கணக்கு மாறுகிறது.

ஏன் மாறுகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். புட்டுக்கு மாவு பிசிறும்போது வறண்ட மாவு கையில் பிடிபடாது. தண்ணீர் தெளித்துப் பதம் வந்ததும் பிடித்தால் பிடியாக நிற்கும். தண்ணீர் கூடிவிட்டால் கூழாகிவிடும். நடுவில் வந்த அந்தப் பிடிமானம் மாவுத் துகள்கள் தொடும் இடங்களில் நின்ற நீர்த்துளிகளால் வந்தது. காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் நீரின் பரப்பு உட்புறமாக வளைந்து, இரு துகள்களையும் ஒன்றை நோக்கி ஒன்றை இழுக்கிறது. மண்ணிலும் இதேதான் நடக்கிறது. அப்போது துளைநீரின் அழுத்தம் காற்றழுத்தத்தைவிடக் குறைவு. இந்த வேறுபாட்டை உறிஞ்சழுத்தம் என்போம்.

அதன் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். துளையின் ஆரம் அரை மில்லிமீட்டர் என்றால், அதாவது பருமணல் அளவு என்றால், நீர் 3 சென்டிமீட்டர் ஏறும், அவ்வளவுதான். அதே ஆரம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது வண்டலும் களியும் சேர்ந்த மண் என்றால், உறிஞ்சழுத்தம் 144 கிலோபாஸ்கல் ஆகிறது. ஏறத்தாழ 15 மீட்டர் நீர்த்தூண் கீழிருந்து இழுப்பதற்குச் சமம். சித்திரை வெயிலில் காய்ந்த ஏரிக்கரை மண்ணில் இந்த அளவு நூற்றுக்கணக்கைத் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோபாஸ்கலுக்குப் போய்விடும். கடப்பாரை இறங்காத அந்தக் கெட்டியில் பெரும்பங்கு இந்த இழுப்பிலிருந்து வருகிறது. மழை பெய்து துளைகள் நிறைந்தால் வளைந்த நீர்ப்பரப்புகள் மறைந்துபோகும், அவற்றோடு அந்த வலுவும் போய்விடும். மண் அதேதான், எடை அதேதான், ஆனால் கரை வேறு கரை.

இதைச் சமன்பாட்டில் கொண்டுவர 1959-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆலன் பிஷப் முயன்றார். டெர்சாகியின் விதியை ஒட்டி, காற்றழுத்தத்தைக் கழித்த தகைவோடு உறிஞ்சழுத்தத்தின் ஒரு பங்கைக் கூட்டினார். அந்தப் பங்கு வறண்ட மண்ணில் சுழியம், நிறைவுற்ற மண்ணில் ஒன்று. சறுக்கலைத் தாங்கும் வலுவைக் கணிக்க இது நன்றாகவே உதவியது, இன்றும் உதவுகிறது. ஆனால் மூன்றே ஆண்டில் ஜென்னிங்ஸும் பர்லாண்டும் அதன் அடிமடியில் கை வைத்தார்கள். அவர்கள் 1962-இல் எழுப்பிய கேள்விதான் இந்தத் துறையின் திருப்பம் என்பது என் கருத்து.

அந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்து மேசையில் வைத்தே சொல்கிறேன். 60 மில்லிமீட்டர் விட்டமும் 20 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பித்தளை வளையம். அதற்குள் வறண்ட நிலையில் லேசாக அடித்து நிரப்பிய மண். மேலும் கீழும் நீர் புகக்கூடிய கல்வில்லை. மேலே சுமைத்தட்டு, அதைத் தொட்டபடி, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைக் காட்டும் அளவுமுள். 200 கிலோபாஸ்கல் சுமை வைக்கிறோம். மண் கொஞ்சம் அமுங்கி நின்றுவிடுகிறது. ஒரு மணி நேரம் பார்த்தாலும் முள் அசையாது. இப்போது சுமையைத் தொடாமல், வளையம் இருக்கும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுகிறோம். உறிஞ்சழுத்தம் குறைகிறது. பிஷப் சமன்பாட்டின்படி பயனுறு தகைவும் குறைய வேண்டும். தகைவு குறைந்தால் மண் உப்ப வேண்டும். ஆனால் கண்ணெதிரே முள் கீழ்நோக்கி ஓடுகிறது. வறண்டிருந்தபோது நீர்த்துளிகள் பிடித்துவைத்திருந்த மண்கட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று நொறுங்கி, இடையில் இருந்த பெரிய வெற்றிடங்கள் மூடிக்கொள்கின்றன. இதை நனைசரிவு என்று சொல்லலாம். முதல்முறையாக இதைப் பார்க்கும் மாணவர்கள் சுமையில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

இதே மண்ணைக் குறைந்த சுமையில் நனைத்தால் அது உப்பவும் கூடும். ஆக ஒரே தகைவால் இந்த மண்ணின் முழு நடத்தையையும் சொல்ல முடியாது. 1977-இல் பிரெட்லண்டும் மார்கன்ஸ்டெர்னும் இதை ஒழுங்குபடுத்தினார்கள். சுமை ஒரு மாறி, உறிஞ்சழுத்தம் இன்னொரு மாறி, இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 1990-இல் பார்சிலோனாவில் அலோன்சோ, ஜென்ஸ், ஹோசா மூவரும் அந்த இரண்டையும் கொண்டு முழுமையான மாதிரியைக் கட்டினார்கள். பார்சிலோனா அடிப்படை மாதிரி என்பது அதன் பெயர். நிறைவுற்ற களிமண்ணுக்குக் கேம்பிரிட்ஜில் உருவான கேம் களிமண் மாதிரியை எடுத்து, அதை உறிஞ்சழுத்தம் என்ற புதிய திசையில் நீட்டினார்கள்.

அதன் கருத்தைச் சொற்களில் சொல்லிவிட முடியும். எந்த மண்ணுக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லைக்குள் சுமை ஏற்றி இறக்கினால் மண் ஏறத்தாழப் பழைய நிலைக்குத் திரும்பும். எல்லையைத் தாண்டினால் நிலையாக அமுங்கும். நிறைவுறா மண்ணில் இந்த எல்லை உறிஞ்சழுத்தத்தோடு சேர்ந்து உயர்கிறது. காய்ந்தால் எல்லை விரியும், நனைந்தால் சுருங்கும். தாளில் வரைந்தால் கிடைக்கோட்டில் சுமை, நெடுக்கோட்டில் உறிஞ்சழுத்தம். எல்லை வளைகோடு வலப்புறம் சாய்ந்து மேலே போகும். காய்ந்த மண் அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் பத்திரமாக நிற்கிறது. மழை வந்தால் மண்ணின் நிலைப்புள்ளி நேராகக் கீழே இறங்குகிறது, சுமை மாறவில்லை. ஆனால் கீழே வரவர எல்லைக்கோடு இடப்பக்கம் வந்துகொண்டிருக்கிறது. சுமை சிறிதென்றால் புள்ளி கோட்டைத் தொடாமலே சுழியத்துக்கு வந்துவிடும், மண் லேசாக உப்பும். சுமை பெரிதென்றால் பாதி வழியில் கோட்டைத் தொடும், அங்கே சரிவு தொடங்கும். உப்பலும் சரிவும் ஒரே படத்தில் இடம்பெற்றுவிட்டன. உறிஞ்சழுத்தம் சுழியமானால் இந்த மாதிரி பழைய கேம் களிமண் மாதிரியாகவே மாறிவிடுகிறது. இவ்வளவு சிக்கனமான விளக்கத்தை நான் பொறியியலில் அதிகம் பார்த்ததில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. 1995-இல் வீலரும் சிவகுமாரும் நேரடிச் சோதனைகளை வைத்து, சில இடங்களில் அந்த வளைகோட்டின் வடிவம் பொருந்தவில்லை என்று காட்டினார்கள். மண் காயும்போது ஒரு பாதையிலும் நனையும்போது வேறு பாதையிலும் போகிறது. ஒரே உறிஞ்சழுத்தத்தில் இரண்டு வேறு ஈரப்பதங்கள் இருக்கும். அடிப்படை மாதிரி இதைக் கணக்கில் கொள்வதில்லை. கரிசல் போல் மிகுதியாக உப்பும் களிக்கும் அது போதாது, அதற்குப் பின்னால் தனி மாதிரிகள் வந்தன. ஒவ்வோர் ஆண்டும் புதுப்புது மாதிரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஏரிக்கரை வேலைக்கு 1990-இன் மாதிரி போதும் என்றே சொல்வேன். நமக்குக் குறைவது மாதிரி இல்லை, நம் மண்ணில் அளந்த எண்கள்.

இப்போது கரைக்கு வருகிறேன். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-ஆம் ஆண்டும் 921-ஆம் ஆண்டும் பொறித்தவை, ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. ஏரி பராமரிப்பு ஊர்ச்சபையின் நிலையான கடமையாக இருந்தது. நம் காலத்தில் 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே தூர் வாரும் வேலையை மீண்டும் தொடங்கியது. மிக நல்ல முயற்சி, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் தூர் எப்போது வாருகிறோம்? ஏரி வற்றிய பிறகு, சித்திரையிலும் வைகாசியிலும் ஆனியிலும். அப்போது ஏரிப்படுகை பாளம் பாளமாக வெடித்திருக்கும். பொக்லைன் அந்தப் பாளங்களை அள்ளிக் கரைமேல் கொட்டுகிறது. வாளியின் பின்புறத்தால் இரண்டு தட்டுத் தட்டுகிறார்கள். கரை உயர்ந்துவிட்டது, அகலமாகிவிட்டது, பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. அதன்மேல் டிராக்டர் போனால்கூடப் பதியாது.

ஆய்வுக்கூடத்து வளையத்தில் நாம் நிரப்பிய மண்ணும் இதேதான். வறண்ட கட்டிகள், இடையில் பெரிய வெற்றிடம், கட்டிகளைப் பிடித்துவைக்கும் உயர்ந்த உறிஞ்சழுத்தம். ஆடியிலும் ஆவணியிலும் பெய்யும் மழை மேல்தோலைத்தான் நனைக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்து ஏரி நிறையத் தொடங்கியதும், நீர் கரையின் உள்ளே முதல்முறையாகப் புகுகிறது. மேலே இரண்டு மூன்று மீட்டர் மண்ணின் சுமை. நனைந்த பகுதியின் எல்லைக்கோடு சுருங்குகிறது, மண் அமுங்குகிறது.

கரை முழுவதும் ஒரே அளவாக அமுங்கினால் உயரம் கொஞ்சம் குறையும், அவ்வளவே. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மதகு கல்லாலும் கான்கிரீட்டாலும் கட்டியது, அது அமுங்காது. அதை ஒட்டிய மண் மட்டும் இறங்குகிறது. இறங்கும் மண் மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால் அதற்குக் கீழே சுமை குறைந்து தளர்வான இடுக்கு உண்டாகிறது. ஏரி நீர் அந்த இடுக்கைத் தேடி நுழைகிறது. முதலில் கரையின் வெளிப்புறத்தில் ஈரக்கசிவு, பிறகு தெளிந்த ஊற்று, பிறகு கலங்கிய ஊற்று. ஊற்று கலங்கலாக வந்தால் மண் உள்ளிருந்து அரிபட்டு வெளியேறுகிறது என்று பொருள். அதற்குப் பிறகு மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையுமாக ஊரே ஓட வேண்டியதுதான். பல ஊர்களில் நான் கேட்டிருக்கிறேன், மதகுப் பக்கம் எப்போதும் பலவீனம் என்று வயதான விவசாயிகள் சொல்வார்கள். அவர்கள் அனுபவத்தில் கண்டதையே பார்சிலோனா மாதிரி விளக்குகிறது.

தீர்வு 1933-இலேயே தெரிந்ததுதான். ரால்ஃப் பிராக்டர் லாஸ் ஏஞ்சலிஸ் அணைக்கட்டு வேலைகளில் இருந்தபோது, ஒவ்வொரு மண்ணுக்கும் உகந்த ஈரப்பதம் ஒன்று இருக்கிறது, அந்த ஈரத்தில் அடித்தால்தான் மண் மிக நெருக்கமாக அமையும் என்று காட்டினார். இந்தியத் தரநிலை முறையில் 1,000 கன சென்டிமீட்டர் அச்சு, 2.6 கிலோ எடையுள்ள திமிசு, 310 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவேண்டும், மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 அடி. எந்தப் பாலிடெக்னிக்கிலும் இந்த அச்சு இருக்கிறது. உகந்த ஈரத்தில் அடுக்கடுக்காக உருளை ஓட்டிக் கெட்டிப்படுத்திய மண்ணில் பெரிய வெற்றிடமே இருப்பதில்லை, அதனால் நனைந்தாலும் சரிவு மிகக் குறைவு. கோடையில் ஏரிக்குள் தண்ணீர் இல்லாதபோது டேங்கர் வைத்துத் தெளிப்பது செலவுதான். அந்தச் செலவை மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். தண்ணீர் தெளிக்காமல் கொட்டிய மண்ணைக் கன மீட்டர் கணக்கில் அளந்து பணம் கொடுக்கும் வரையில், ஐப்பசியில் அமுங்கப்போகும் உயரத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம்.

காஞ்சிக்கு அருகில் நின்று பேசிவிட்டுத் தறியைத் தொடாமல் போக முடியாது. குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்கிறார். மண்குழி பாவுக்கு ஈரம் கொடுக்கும், இழை அறுபடாது என்று நெசவாளர்கள் சொல்வது வழக்கம். இதன் அறிவியலைக் கெல்வின் சமன்பாடு சொல்கிறது. 1,000 கிலோபாஸ்கல் உறிஞ்சழுத்தம் உள்ள மண், அதாவது கைக்கு உலர்ந்ததாகவே படும் மண், தன்னை ஒட்டிய காற்றின் ஈரப்பதத்தை 99 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கும். வெளியே அனல் காற்று அடிக்கும் வைகாசியிலும் மண்சுவரைத் தொட்ட காற்று ஈரமாகவே இருக்கிறது. சிமெண்ட் பூசிய குழியில் இந்த உதவி பெருமளவு நின்றுவிடுகிறது.

மழைக்காலத்தில் இதே குழி பகையாகிறது. நெசவாளர் வீட்டுக் குழியில் நீர் ஊறி வாரக்கணக்கில் தறி நிற்பது காஞ்சிக்குப் பழகிய துயரம். இதில் இரண்டு வேறு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. ஒன்று நுண்துளை வழியாக ஏறும் ஈரம். குழியின் அடியிலும் பக்கத்திலும் ஒரு சாண் பருமணல் பரப்பினால் இது நின்றுவிடும். முன்பு சொன்ன கணக்குதான், பருமணலில் நீர் சில சென்டிமீட்டருக்கு மேல் ஏறாது. மற்றது நிலத்தடி நீர்மட்டமே குழியின் அடிக்கு மேலே வந்துவிடுவது. அதற்கு மணல் உதவாது, தெருவில் ஆழமான வடிகால் இருந்தால்தான் தீரும். முதல் நோய்க்கான மருந்தை இரண்டாவதற்குக் கொடுத்து நெசவாளர் காசு வீணாவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

மலைச்சரிவுக்கு ஓரிரு சொற்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் பல இடங்களில் சரிவுகள் விழுந்து 40-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மழையில் விழும் மேலோட்டமான சரிவுகளில், நிலத்தடி நீர்மட்டம் ஏறி வராமலே, மேலிருந்து இறங்கும் ஈரம் உறிஞ்சழுத்தத்தை அழித்துவிடுவதால் விழுபவை பல. சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹரியாண்டோ ரஹார்ஜோ குழுவினர் இதைப் பல்லாண்டு அளந்து, சரிவின்மேல் நுண்மண் அடுக்கு, அதன் கீழே பருங்கல் அடுக்கு என்று போட்டு மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் முறையைச் செயல்படுத்திக் காட்டினார்கள். அவர்களுக்கு அது முடிந்ததற்கு முதல் காரணம் சரிவுகளில் கருவிகளை வைத்து மழைக்கு மழை அளந்ததுதான்.

ஆகையால் என் வேண்டுகோள் அளவைப் பற்றியது. உறிஞ்சழுத்தத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வாட்மேன் 42 வடிதாள் போதும். கரையில் துளையிட்டு எடுத்த மண்கட்டியை இரண்டாக வெட்டி, நடுவில் மூன்று தாளை அடுக்கி, மீண்டும் சேர்த்து நாடா ஒட்டி, புட்டியில் போட்டு மெழுகால் அடைத்து ஏழு நாள் விட வேண்டும். வெளித்தாள்கள் இரண்டும் மண் ஒட்டாமல் காக்கும், நடுத்தாளைத்தான் எடை போடுவோம், கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு காட்டும் தராசில். புட்டியிலிருந்து தராசுக்குப் போகும் சில நொடிகளில் தாள் காய்ந்துவிடக்கூடும் என்பதால் இடுக்கியும் மூடிய டப்பாவும் கையோடு இருக்க வேண்டும். தாளின் ஈரம் 40 விழுக்காடு என்றால் உறிஞ்சழுத்தம் ஏறத்தாழ 160 கிலோபாஸ்கல், 30 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 1,000. மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி எதிலும் இதைச் செய்யலாம். மழைக்காலத்தில் மண் நனைந்த பிறகு நீர்நிரப்பிய டென்சியோமீட்டரைக் கரையிலேயே நட்டு வைக்கலாம். அது 80, 90 கிலோபாஸ்கலுக்கு மேல் வேலை செய்யாது, ஆனால் கரை ஆபத்தாகும் எல்லைக்கு அது போதுமானது.

கூரத்துக்கு அருகில் தூர் வாரிய ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். மதகை ஒட்டி ஓரிடம், பழைய உடைப்பை அடைத்த ஓரிடம், இரண்டுக்கும் நடுவில் ஓரிடம். ஒவ்வொன்றிலும் அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் ஆழத்தில் அளவு. வைகாசியில் கொட்டிய மண்ணிலிருந்து வளையச் சோதனைக்கு இரண்டு மாதிரி, ஒன்று வறண்டபடி, ஒன்று நனைத்து. ஆனியிலிருந்து புரட்டாசி வரை மாதம் ஒருமுறை வடிதாள், ஐப்பசி பிறந்தது முதல் தை வரை நாள்தோறும் காலையில் டென்சியோமீட்டர். கரைமேல் அடித்த மூன்று முளைகளின் உயரத்தை வாரம் ஒருமுறை மட்டக்கருவியால் பார்க்க வேண்டும். ஏரி நீர்மட்டம் எழுதும் அதே பதிவேட்டில், அதே நாளுக்கு எதிரே, இந்த எண்களையும் எழுதிவர வேண்டும். அறக்கட்டளையார் விரும்பினால் வரும் வைகாசியிலேயே தொடங்கலாம். ஆய்வுக்கூடத்து வேலையை என் மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள், காலை அளவை எடுக்க ஊரில் இருவர் தேவை.